கிண்டர் ஸ்கவுட்: ஈடேலில் தொடங்கி ஈடேலில் முடியும் கோடைச் சுற்று

கிண்டர் ஸ்கவுட் இங்கிலாந்தின் பீக் டிஸ்ட்ரிக்ட் பகுதியில் உள்ள மலை, ஈடேல் அதன் அடிவாரத்து ஊர்.

பாதை: ஈடேல் ரயில் நிலையம், கிரைண்ட்ஸ்புரூக் ஓடைப் பள்ளம், மேட்டின் தென் விளிம்பு, கிரௌடன் டவர், வுல்பேக்ஸ் பாறைகள், கிண்டர் லோ, ஜேக்கப்ஸ் லேடர், அப்பர் பூத், மறுபடி ஈடேல். சுமார் 15 கி.மீ. மொத்த ஏற்றம் ஏறக்குறைய 500 மீட்டர். வரைபடம்: பிரிட்டனின் நில அளவை நிறுவனமான ஆர்ட்னன்ஸ் சர்வேயின் ஓஎல்1, 1:25,000.

நேரக் கணக்கிலிருந்து தொடங்கலாம், பலரும் பிசகுவது அதில்தான். மணிக்கு 5 கி.மீ., ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் கூடுதலாக ஒரு மணி நேரம் என்பது ஸ்காட்லாந்து மலையேறி நெய்ஸ்மித் 1892இல் சொன்ன சூத்திரம். அதன்படி நான்கு மணி நேரத்துக்குள் முடிந்துவிட வேண்டும். ஆனால் கிரைண்ட்ஸ்புரூக்கின் மேல்பாதியில் பாறைக்குப் பாறை கால் மாற்றி ஏறும்போது வேகம் பாதிக்கும் கீழே போய்விடும். சாப்பாட்டு நேரமும் சேர்த்து 6 மணி நேரம் வைத்துக்கொண்டால் சரியாக வரும். ஜூன் கடைசியில் இங்கே இரவு 9.30 தாண்டித்தான் சூரியன் மறைகிறது, எனவே இருட்டிவிடுமே என்று பதற வேண்டியதில்லை. கவனிக்க வேண்டியது கடைசி ரயிலையும் கையிலுள்ள தண்ணீரையும்.

மான்செஸ்டருக்கும் ஷெஃபீல்டுக்கும் இடையில் ஓடும் ஹோப் வேலி தடத்தில் ஈடேல் ஒரு சின்ன நிறுத்தம். கோடை வார இறுதிகளில் ஊர் வாகன நிறுத்தம் காலையிலேயே நிரம்பிவிடும். சாலையோரப் புல்லில் ஏற்றி நிறுத்தினால் டிராக்டருக்கு வழி அடைபடும். ரயிலே மேல்.

எந்தத் திசையில் சுற்றுவது? இரண்டு பக்கமும் நடந்து பார்த்தால் விடை தெளிவு: கிரைண்ட்ஸ்புரூக்கில் ஏறி ஜேக்கப்ஸ் லேடரில் இறங்குவது, அதாவது இடஞ்சுழியாக. பெரும்பாறைகளில் ஏறும்போது கையும் கண்ணும் உதவும். இறங்கும்போது முழங்கால்தான் எல்லாவற்றையும் தாங்க வேண்டும், அதிலும் பாறை ஈரமாக இருந்தால் சொல்லவே வேண்டாம். இந்தத் திசைக்கு இன்னொரு வசதியும் உண்டு. மேட்டுக்கு மேல் போனபின் பள்ளத்தாக்கு எப்போதும் இடது கைப்பக்கம் இருக்கும். மூடுபனி இறங்கிவிட்டால் இந்த ஒரு விதி போதும்.

நிலையத்திலிருந்து ஓல்டு நாக்ஸ் ஹெட் மதுக்கடை வரை கால் மணி நேரம். 1965இல் திறக்கப்பட்ட பென்னைன் வே நெடும்பாதை இங்கிருந்துதான் தொடங்குகிறது. பழைய தடம் கிரைண்ட்ஸ்புரூக் வழியாகத்தான் ஏறியது. பின்னாளில் அதிகாரப்பூர்வ தடத்தை ஜேக்கப்ஸ் லேடர் பக்கம் மாற்றிவிட்டார்கள். மதுக்கடையைத் தாண்டிப் படிகளில் இறங்கி, மரப்பாலத்தைக் கடந்து, பலகைக்கல் பதித்த புல்வெளிப் பாதையில் போனால் ஒரு சிறு தோப்பு வரும். அதற்கப்புறம் நாள் முழுக்க நிழல் கிடையாது. தொப்பி போடுவது, சன் ஸ்கிரீன் பூசுவது எல்லாம் இந்தத் தோப்பிலேயே முடியட்டும்.

பள்ளத்தின் முதல் பாதி எளிது. சரிவில் இடுப்பளவு பெரணி, அதற்கு மேலே ஹெதர் புதர், நடுவே பில்பெர்ரி. பழம் ஜூலை, ஆகஸ்டில் கறுக்கும். ஹெதர் ஊதாவாகப் பூத்துப் பார்க்க வேண்டுமென்றால் ஆகஸ்டில் வர வேண்டும். ஜூனில் வந்தால் மேட்டில் பஞ்சுப்புல்தான், தூரத்திலிருந்து பார்த்தால் யாரோ தலையணையைக் கிழித்துக் கொட்டியது போல.

மேல்பாதியில் தடம் பாறைகளுக்குள் கரைந்துவிடும். ஓடையை ஒட்டியே ஏறினால் போதும், அங்கங்கே இரண்டு கரையும் மாறி மாறிக் கால் வைக்க நேரும். உச்சிக்குச் சற்றுக் கீழே பள்ளம் பிரிகிறது. வலப்பக்கம் குறுகிச் செங்குத்தாக ஏறும் பிளவு கையூன்றி ஏறத் தெரிந்தவர்களுக்கு. மற்றவர்கள் இடப்பக்கம் அகன்ற பள்ளத்திலேயே தொடர வேண்டும். நிலையத்திலிருந்து விளிம்புக்கு வர ஏறக்குறைய ஒன்றே முக்கால் மணி நேரம். மேலே வந்ததும் காம்பஸை எடுத்துத் தென்மேற்கைப் பார்த்துவிட்டு, விளிம்புப் பாதையில் இடப்பக்கம் திரும்புங்கள்.

இங்கேதான் பெரிய தவறு நடக்கிறது. வரைபடத்தில் கிண்டரின் உச்சம் 636 மீட்டர் என்று போட்டிருப்பதைப் பார்த்து, ‘நேராக வடமேற்கே குறுக்கே போனால் கிட்டம்’ என்று உள்ளே இறங்குகிறார்கள். இந்த மலைக்குக் கூம்பு கிடையாது. மேலே இருப்பது தட்டையான பீட் மேடு. ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக மட்காமல் படிந்த பாசியும் புல்லும்தான் இந்தக் கறுப்பு மண். மழைநீர் அதை அறுத்து ஆளுயரத்துக்கும் மேலான வாய்க்கால்களாக்கியிருக்கிறது. ‘க்ரஃப்’ என்பது உள்ளூர்ப் பெயர். ஒன்றுக்குள் இறங்கினால் சுற்றிலும் கறுப்புச் சுவர்தான் தெரியும். ஏறி வந்தால் அடுத்தது. வாய்க்கால்கள் வளைந்து வளைந்து போவதால், நேராக நடக்கிறோம் என்று நம்பிக்கொண்டே திசை மாறிவிடுவோம். அந்த 636 மீட்டர் புள்ளியும் சுற்றியுள்ள மண்ணைவிட உயரமாகத் தெரியாத ஒரு சேற்றுத் திட்டுதான். அதற்காக அலைவது வீண்.

உள்ளே போகாமலிருக்க இன்னொரு காரணமும் உண்டு. தொழிற்சாலைப் புகை, அதிக மேய்ச்சல், தீ ஆகியவற்றால் இந்த மேட்டின் பெரும்பகுதி புல் பூண்டற்ற வெறும் மண்ணாகிக் கிடந்தது. 2003இல் தொடங்கிய ‘மூர்ஸ் ஃபார் தி ஃபியூச்சர்’ கூட்டமைப்பும், 1982இல் இந்த நிலத்தை வாங்கிய நேஷனல் டிரஸ்ட் என்ற பாதுகாப்பு அறக்கட்டளையும் சுண்ணாம்பு தூவி, விதையிட்டு, வாய்க்கால்களுக்குக் குறுக்கே சிறு அணைகள் போட்டு அதை மீட்டு வருகிறார்கள். அணைக்குப் பின்னால் தேங்கிய நீரில் படரும் பச்சைப் பாசி தரை போலத் தோன்றும், மிதித்தால் தொடைவரை இறங்கும். கோடையில் எல்லாம் காய்ந்திருக்கும் என்ற தைரியம் இங்கே எடுபடாது.

விளிம்பில் கிரௌடன் ஓடையின் தலைப்பைக் கடந்தால் கிரௌடன் டவர். பள்ளத்தாக்குக்கு எதிரே 517 மீட்டர் மாம் டோர் தெரியும். சாப்பாட்டுக்கு இதுதான் இடம், காற்றுக்கு மறைவாகப் பாறைகள் உண்டு. வெயிலில் கெடாத, உப்பும் உள்ளே போகிற புளிசாதம் சாண்ட்விச்சைவிட நன்றாகவே தாங்குகிறது. அடுப்பு வேண்டாம். காய்ந்த பீட்டில் விழுந்த பொறி மண்ணுக்கு அடியில் நாள்கணக்கில் கனன்று வேறோர் இடத்தில் எழும். வடக்கே சாடில்வொர்த் மூர் என்ற பீட் மேடு 2018 ஜூனில் எரிந்தபோது இராணுவத்தையே அழைக்க வேண்டியிருந்தது.

அடுத்து வுல்பேக்ஸ். கிரிட்ஸ்டோன் மணற்கல்லின் மென்மையான அடுக்குகளைக் காற்றும் உறைபனியும் தின்றுவிட, கம்பளிப் பொதிகள் போல உருண்டு நிற்கும் கற்கள். பாறைகளுக்கு நடுவே தடங்கள் பல கிளைக்கும், எதில் போனாலும் மேற்கே போய்ச் சேரலாம். நோ ஸ்டூல் பாறையிலிருந்து வடமேற்கே விலகினால் கிண்டர் லோவின் நில அளவைத் தூண், 633 மீட்டர். இதை உச்சி என்று வைத்துக்கொண்டால் போதும்.

இங்கிருந்து கிண்டர் டவுன்ஃபால் அருவிக்குப் போய்த் திரும்பினால் 5 கி.மீ. கூடும். 30 மீட்டர் அருவிதான், ஆனால் வறண்ட ஜூலையில் சுவரில் ஒழுகும் கசிவு மட்டுமே மிஞ்சும். மழை பெய்த மறுநாள், மேற்குக் காற்றும் அடித்தால் தண்ணீர் மேல்நோக்கிச் சிதறும். அன்றைக்குப் போகலாம். கிண்டரின் மேற்குச் சரிவில்தான் 1932 ஏப்ரல் 24இல், பொதுமக்களுக்கு மூடப்பட்டிருந்த இந்த மேட்டில் நடக்கும் உரிமை கேட்டு ஹேஃபீல்டிலிருந்து நடந்து வந்த நூற்றுக்கணக்கானோர் வேட்டைக் காவலர்களோடு மோதினார்கள். ஐந்து பேர் சிறை சென்றனர். தடத்தை விட்டு விலகி நடக்கும் உரிமை சட்டமானது 2000இல். அந்த உரிமைக்கும் நிபந்தனை உண்டு: மார்ச் 1 முதல் ஜூலை 31 வரை நாயைக் குறுகிய வாரில் பிடித்திருக்க வேண்டும். தரையில் கூடு கட்டும் கோல்டன் ப்ளவர், கர்லூ பறவைகளுக்காக.

தண்ணீர் ஆளுக்கு 2 லிட்டர், 25 டிகிரி தாண்டும் நாளில் 3. ஓடை நீர் ஆட்டு மேய்ச்சல் வழியாக வருகிறது, வடிகட்டாமல் குடிக்கக் கூடாது. வெயில் நாளிலும் மெல்லிய காற்றுத்தடுப்புச் சட்டை ஒன்று பைக்குள் இருக்கட்டும், மேட்டின் மேல் ஊரைவிட மூன்று நான்கு டிகிரி குறைவு. இடி கேட்டால் வுல்பேக்ஸ் கற்களுக்கு அடியில் ஒதுங்காமல் உடனே இறங்க வேண்டும். போன் சிக்னல் விட்டுவிட்டுத்தான் கிடைக்கும். முன்கூட்டியே 999 என்ற அவசர உதவி எண்ணுக்கு ‘ரெஜிஸ்டர்’ என்று குறுஞ்செய்தி அனுப்பிப் பதிந்துகொண்டால், பேச முடியாத இடத்திலிருந்தும் செய்தியாக உதவி கேட்கலாம். விசில் என்றால் நிமிடத்துக்கு ஆறு ஊதல், ஒரு நிமிட இடைவெளி, மறுபடி ஆறு.

ஜேக்கப்ஸ் லேடரின் கற்படிகள் செங்குத்து. முழங்கால் வலி உள்ளவர்கள் பக்கத்தில் வளைந்து போகும் பழைய பொதிக்குதிரைப் பாதையில் இறங்கலாம். ஜேக்கப் மார்ஷல் என்ற விவசாயி தன் குதிரை சுற்றி வருவதற்குள் நேரே ஏறிவிடப் படி வெட்டினார் என்பார்கள். அடியில் நோ ஆற்றின் மேல் கல்பாலம், அங்கே காலை நனைத்துக்கொள்ளலாம். அப்பர் பூத் தாண்டியதும் வயல்வெளியில் ஓர் ஏற்றம் பாக்கி இருக்கிறது. சிறியதுதான், ஆனால் ஐந்து மணி நேரம் நடந்த காலுக்கு அப்படித் தெரியாது. கடைசிக் கால் லிட்டர் தண்ணீரை இதற்கென்று மிச்சம் வையுங்கள்.

ரயிலில் உட்கார்ந்ததும் முழங்கால் மடிப்பு, இடுப்பு, காலுறை விளிம்பு எல்லாவற்றையும் உண்ணிக்காகப் பாருங்கள். பெரணிச் சரிவில் கடித்திருந்தால் எள்ளளவுதான் தெரியும். கூர்முனை இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக மேலே இழுக்க வேண்டும். எண்ணெய், தீக்குச்சி வைத்தியமெல்லாம் வேண்டாம். அடுத்த சில வாரங்களில் அந்த இடத்தைச் சுற்றிச் சிவப்பு வட்டம் பரவினால் மருத்துவரிடம் உண்ணி கடித்த தேதியைச் சொல்லுங்கள்.