கால் இஞ்ச் மரையும் பழைய ஹீலியாஸும்

பழைய லென்ஸ்களை வைத்து ஒரு குறும்படம் எடுப்பதற்காக, கோயம்புத்தூர் லேத் பட்டறைகளை நம்பி ஒரு கேமரா ரிக் (கேமராவையும் மற்ற சாமான்களையும் தாங்கும் சட்டகம்) செய்துகொண்டிருக்கிறேன். கதை நடப்பது பொள்ளாச்சிக்கும் ஆனைமலைக்கும் நடுவே ஒரு தென்னந்தோப்பில். கேமரா ஏற்கெனவே கையில் இருப்பதுதான்: சோனி இ மவுண்ட் (லென்ஸ் மாட்டும் வாய்), ஏபிஎஸ்-சி சென்சார் (முழு ஃபிரேமை விடச் சின்னது). பெரிய கேமராவை வாடகைக்கு எடுக்கும் எண்ணம் இல்லை. இருக்கிற காசை லென்ஸ் ஆடாமல் நிற்பதற்கும் ஃபோகஸ் நினைத்த இடத்தில் விழுவதற்கும் போட்டால் போதும் என்று நினைக்கிறேன். இதுவரை செய்து பார்த்ததில் அந்த எண்ணம் இன்னும் உறுதியாகத்தான் ஆகியிருக்கிறது.

முதல் லென்ஸ் ஹீலியாஸ் 44-2. தொழிலை நிறுத்திவிட்ட ஒரு ஃபோட்டோ ஸ்டூடியோக்காரரின் பீரோவில், ஜெனிட் கேமராவோடு சேர்ந்தே கிடைத்தது. 58 மி.மீ., எஃப் 2. ஜெர்மனியின் கார்ல் ஜெய்ஸ் பயோட்டார் வடிவமைப்பைப் பின்பற்றி சோவியத் நாட்டில் லட்சக்கணக்கில் செய்த லென்ஸ் இது. படம் பிடிக்கிறவர்களுக்கு இதில் ஒரு பெரிய வசதி உண்டு. அப்பர்ச்சருக்கு (வெளிச்சம் நுழையும் துளைக்கு) இரண்டு வளையங்கள். ஒன்றில் எல்லையை வைத்துக்கொண்டு, இன்னொன்றை டிக் டிக் என்று நிற்காமல் வழுவழுவென்று திருப்பலாம். ஷாட் ஓடிக்கொண்டிருக்கும்போதே வெளிச்சத்தை ஏற்றி இறக்கலாம், மைக்கில் சத்தம் விழாது.

பின்னணி சுழல்கிற மாதிரி தெரியும் என்றுதான் எல்லோரும் இதைத் தேடுகிறார்கள். சுழல் அதிகம் தெரிவது படத்தின் ஓரங்களில். ஏபிஎஸ்-சி சென்சார் அந்த ஓரங்களை வெட்டிவிடும், பார்வைக் கோணமும் 87 மி.மீ. லென்ஸ் அளவுக்குச் சுருங்கிவிடும். அப்படியும் தோப்புக்குள் நன்றாகவே வந்தது. ஆளை ஒன்றரை, இரண்டு மீட்டரில் நிறுத்தி, பின்னால் பத்து மீட்டர் தள்ளித் தென்னை ஓலைகள் இருந்தால், ஓலை இடுக்கில் வரும் வெளிச்சப் பொட்டுகள் ஓரத்தில் நீண்டு வளைகின்றன. எஃப் 2.8க்கு மேல் மூடினால் அந்த வளைவு போய்விடுகிறது.

கொஞ்சம் அகலமாக எடுக்க பென்டகான் 29 மி.மீ., எஃப் 2.8 ஒன்று வாங்கினேன். மூன்றாவது ஒரு சூப்பர் டாகுமார் 50 மி.மீ., எஃப் 1.4. இதன் ஒரு கண்ணாடியில் தோரியம் கலந்திருப்பதால் வருஷம் ஆக ஆக மஞ்சள் பூத்துவிடும். புற ஊதா வெளிச்சம் பட்டால் மஞ்சள் குறையும். சித்திரை வெயிலில், பின்பக்கம் அலுமினியத் தாள் வைத்து, நாள்தோறும் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டே காய வைத்தேன். லென்ஸ் வெயிலைக் குவித்துத் தீ வைக்கக்கூடியது, அதனால் விட்டுவிட்டுப் போகக் கூடாது. வாரக்கணக்கில் பிடித்தது, ஆனால் இப்போது நிறம் மற்ற இரண்டோடும் ஒத்துப்போகிறது.

வாங்கும்போது டார்ச்சை லென்ஸின் பின்னால் பிடித்துச் சாய்வாகப் பாருங்கள். சிலந்தி வலை மாதிரி கிளை விட்டிருந்தால் பூஞ்சை. ஆனைமலை அடிவாரத்து ஈரத்துக்குத் தென்மேற்குப் பருவத்தில் அது வேகமாகப் பரவும். காற்றுப் புகாத டப்பாவும் சிலிக்கா ஜெல்லும் கட்டாயம்.

அப்புறம் அடாப்டர், அதாவது பழைய லென்ஸைக் கேமராவோடு இணைக்கும் வளையம். இந்த வேலையில் பாதி இங்கேதான் இருக்கிறது, அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

லென்ஸ் உட்காரும் முகத்துக்கும் சென்சாருக்கும் நடுவே இருக்க வேண்டிய தூரம் ஒவ்வொரு மவுண்டுக்கும் வேறு. எம்42க்கு (என் மூன்று லென்ஸுக்கும் இந்தத் திருகு மவுண்ட்தான்) 45.46 மி.மீ., சோனி இ மவுண்டுக்கு 18 மி.மீ. ஆக அடாப்டரின் உயரம் 27.46 மி.மீ. இருக்க வேண்டும். பழைய கேனான் இஎஃப் கேமரா வைத்திருப்பவர்களுக்கு அந்தத் தூரம் 44 மி.மீ., ஆகவே ஒன்றரை மி.மீ.க்கும் குறைவான மெல்லிய வளையமே போதும். நிக்கான் எஃப் மவுண்டுக்கு 46.5 மி.மீ. என்பதால் எம்42 லென்ஸ் மாட்டினால் தூரத்துப் பொருள் தெளிவாக வராது. நடுவே கண்ணாடி வைத்த அடாப்டர் வேண்டும், அது படத்தின் தரத்தைக் கெடுக்கும். உள்ளே பிரதிபலிக்கும் ஆடி இல்லாத மிரர்லெஸ் கேமராக்களுக்கு எம்42 லென்ஸ்கள் இவ்வளவு சுலபமாகப் பொருந்துவதற்கு, நடுவே இவ்வளவு இடம் இருப்பதே காரணம்.

விலை மலிவான அடாப்டர்களை வேண்டுமென்றே கொஞ்சம் குட்டையாகச் செய்கிறார்கள். இன்ஃபினிட்டி (மிகத் தொலைவில் இருக்கும் பொருளின் ஃபோகஸ்) எப்படியும் வந்துவிடும், வாங்கியவர் புகார் சொல்ல மாட்டார். ஆனால் லென்ஸ் மேல் அச்சடித்த தூரக் குறிகள் எல்லாம் பொய்யாகிவிடும். 58 மி.மீ. லென்ஸில் அடாப்டர் 0.2 மி.மீ. குறைந்தால், 17 மீட்டர் குறி இருக்க வேண்டிய இடத்திலேயே இன்ஃபினிட்டி வந்துவிடுகிறது. ஸ்டில் எடுப்பவருக்கு இது பெரிய விஷயமில்லை. ஆள் நடந்து வரும்போது குறியைப் பார்த்து ஃபோகஸைத் திருப்புகிறவருக்கு இதுதான் எல்லாம்.

என் அடாப்டரை வெர்னியரில் பிடித்தபோது அதுவும் குட்டைதான். பயோனெட் தகட்டின் (கேமராவில் திருப்பி மாட்டும் பக்கத்தின்) நான்கு குட்டித் திருகுகளைக் கழற்றி, அடியில் பித்தளை ஷிம் ஷீட்டை (இடைவெளி நிரப்பும் மெல்லிய தகட்டை) வளையமாக வெட்டி வைத்தேன். 0.1 மி.மீ. ஷீட்டும் 0.05 மி.மீ. ஷீட்டும் இருந்தால் வேண்டிய கனத்துக்குச் சேர்த்துக்கொள்ளலாம். சரிபார்க்க வடவள்ளியில் நண்பன் வீட்டு மொட்டை மாடிக்குப் போனோம். ராத்திரியில் மருதமலைக் கோயில் விளக்குகளைத் திரையில் பெரிதாக்கிப் பார்த்து, லென்ஸ் இன்ஃபினிட்டி குறியில் முட்டும் இடத்தில் விளக்கு மிகச் சின்னப் புள்ளியாகும்வரை ஷிம் மாற்றினோம். இப்போது டேப் வைத்து அளந்த இரண்டு மீட்டரும் லென்ஸ் சொல்லும் இரண்டு மீட்டரும் ஒன்றுதான். அந்த அடாப்டரின் உள்வளையத்தில் மூன்று கிரப் ஸ்க்ரூ (தலையில்லாத திருகு) இருந்தது. அவற்றைத் தளர்த்தி வளையத்தைத் திருப்பி, குறிகள் நேராக மேலே வரும்படி வைத்துக்கொண்டேன். எம்42 திருகி மாட்டும் லென்ஸ் என்பதால் இதைச் செய்யாவிட்டால் எண்கள் பக்கவாட்டில் போய் நிற்கும்.

அடுத்தது ஆட்டம். ஃபோகஸ் வளையத்தைத் திருப்பத் தொடங்கும் கணத்தில் படம் ஒரு மயிரிழை துள்ளியது. பயோனெட்டில் இருக்கும் சின்ன இடைவெளி காரணம். வரி வரியாகப் படிக்கும் சென்சாரில் அந்தச் சின்ன அசைவு கூழ் மாதிரி நெளிந்து தெரியும். இதற்குத் தீர்வு அடாப்டரையே கீழே இருக்கும் பலகையோடு கட்டிப்போடுவது. அதற்குத்தான் கோயம்புத்தூர் கணபதியில் தெரிந்த ஒரு லேத் பட்டறைக்குப் போனேன். பம்ப் செட் ஷாஃப்ட் கடைகிற இடம்.

10 மி.மீ. அலுமினியப் பட்டையில் அடிப்பலகை. கேமராவை மாட்டும் மரை கால் இஞ்ச், இஞ்சுக்கு 20 சுற்று. அங்கே மரை வெட்டும் டேப் பெட்டியில் கால் இஞ்ச் விட்வொர்த் (பழைய பிரிட்டிஷ் மரை அளவு) இருந்தது. அதற்கும் 20 சுற்றுதான், பல்லின் கோணம் மட்டும் 55 டிகிரி. கேமரா மரையின் கோணம் 60 டிகிரி. மாட்டினால் உட்காரும். ஆனாலும் அடிக்கடி கழற்றி மாட்டும் பொருள் என்பதால் யுஎன்சி (அந்த 60 டிகிரி மரை) டேப் ஒன்று வாங்கிக் கொடுத்துவிட்டேன். அட்டையில் வரைந்துகொண்டு போன படத்தைப் பட்டறை அண்ணன் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“ஏனுங்க தம்பி, இத்தன ஓட்டை எதுக்குங்க?”

“மைக்கு, மானிட்டரு, லைட்டு எல்லாம் மாட்டோணுங்கண்ணா.”

“அப்படின்னா ஓட்டைக்கு ஓட்டை ஒரே தூரமா வெச்சரலாமுங்க. நாளைக்கு எதைக் கழட்டி எங்க போட்டாலும் உக்காந்துக்கும்.”

இந்த ரிக்கில் எனக்கு மிகவும் உதவியாக இருப்பது அவர் சொன்ன அந்த யோசனைதான். நான் ஒவ்வொரு சாமானுக்கும் தனித்தனி இடம் குறித்திருந்தேன். அவர் 20 மி.மீ. இடைவெளியில் வரிசையாகப் போட்டுக் கொடுத்தார். அடிக்கடி பயன்படும் துளைகளில் ஹெலிகாயில் (மரைக்குள் உட்காரும் எஃகுச் சுருள்) ஏற்றினார். வெறும் அலுமினிய மரை நாளடைவில் தேய்ந்துவிடும் என்பது அவர் அனுபவம்.

பலகையின் முன்னால் இரண்டு ராடுகள். கடையில் சுலபமாகக் கிடைப்பது 16 மி.மீ. அப்படியே விட்டால் வேலை மிச்சம், ஆனால் 15 மி.மீ.க்குக் கடைந்து, மையத்துக்கு மையம் 60 மி.மீ. தூரத்தில் வைத்தேன். உலகம் முழுக்க இலகு ரிக்குகளுக்கு இதுதான் அளவு. பின்னால் எதை வாங்கினாலும், நண்பர்களிடம் எதை இரவல் வாங்கினாலும் மாட்டிக்கொள்ளும். ராடுகளின் மேல் நைலானில் கடைந்த ஒரு வளையம் வந்து அடாப்டரின் உடம்பைக் கவ்வுகிறது. லென்ஸின் ஃபோகஸ் வளையத்தைக் கவ்வக் கூடாது, அது சுற்ற வேண்டும். இதை மாட்டிய பிறகு துள்ளல் சுத்தமாக நின்றுவிட்டது. நான் செய்தவற்றில் எதை முதலில் செய்யச் சொல்வாய் என்று யாராவது கேட்டால் இந்த நைலான் வளையத்தைத்தான் சொல்வேன்.

ஃபோகஸ் பிடிக்க கியர் இன்னும் இல்லை. தற்போதைக்கு ஹோஸ் கிளிப். பம்ப் ஊரில் எல்லா அளவிலும் கிடைக்கும். வளையத்தின் மேல் சைக்கிள் ட்யூப் ரப்பர் ஒரு சுற்று, அதன் மேல் கிளிப், கிளிப்புக்கு அடியில் எல் வடிவில் மடித்த தகடு ஒன்று கைப்பிடியாக. வழுக்காத அளவுக்கு மட்டும் முறுக்க வேண்டும். அதற்கு மேல் போனால் லென்ஸின் உள்மரை நெருக்கிப் பிடித்துக்கொள்ளும். வெள்ளை டேப்பில் பென்சில் குறி போட்டு, கைப்பிடியை விரல் நுனியால் தள்ளினால் பழகப் பழக நன்றாக வருகிறது.

தோள் ரிக்குக்கு எடைக்கல். பழைய இரும்புக் கடையில் மளிகைக் கடைத் தராசோடு வந்த 2 கிலோ கல் கிடைத்தது. கேமராவும் முன்பகுதியும் சேர்ந்து ஒன்றரை கிலோ, தோளிலிருந்து 30 செ.மீ. முன்னால். ஆக 2 கிலோ கல் தோளுக்குப் பின்னால் இருபத்திரண்டரை செ.மீ.யில் இருந்தால் சமம். கையை எடுத்தாலும் கேமரா தலை கவிழாது. மொத்தம் கனம் கூடுகிறது, ஆனால் அந்தக் கனம் மூச்சின் ஆட்டத்தை அமுக்கிவிடுகிறது. தோள் பட்டைக்கு இலவம்பஞ்சு வைத்துத் தையற்காரர் ஒருவர் உறை தைத்துத் தந்தார்.

வெயிலுக்கு என்டி ஃபில்டர் (வெளிச்சத்தைக் குறைக்கும் கருங்கண்ணாடி) இல்லாமல் முடியாது. ஐஎஸ்ஓ 100, ஷட்டர் 1/50 என்றால் உச்சி வெயிலில் எஃப் 22 வரை மூட வேண்டியிருக்கும். என்டி 64 ஆறு ஸ்டாப் (ஒவ்வொரு ஸ்டாப்புக்கும் வெளிச்சம் பாதியாகும்) குறைத்து எஃப் 2.8க்குக் கொண்டுவருகிறது. லென்ஸுக்கு ஒன்று என்று வாங்காமல், ஹீலியாஸின் 49 மி.மீ., பென்டகானின் 55 மி.மீ. எல்லாவற்றையும் ஸ்டெப்-அப் ரிங் (பெரிய ஃபில்டரை மாட்ட உதவும் வளையம்) போட்டு 58 மி.மீ. ஆக்கிவிட்டேன். ஒரே ஃபில்டர் போதும். வீட்டுக்குள் எடுக்கும்போது 25 ஃபிரேம், 1/50 தான் நல்லது. நம் கரண்ட் 50 ஹெர்ட்ஸ் என்பதால் விளக்கு மினுக்கம் வராது.

பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஆடியில் தோப்புக்குள் என்ன செய்யும் என்பது இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். அட்டையில் செய்த மேட் பாக்ஸ் (லென்ஸுக்கு முன்னால் வெயில் மறைக்கும் பெட்டி) காற்றைப் பிடித்துக் கேமராவையே ஆட்டியது. அதைக் கழற்றிவிட்டு ரப்பர் ஹுட் மட்டும் வைத்தோம். டிரைபாட் நடுவில் யூரியா சாக்கில் மண் நிரப்பித் தொங்கவிட்டதும் 87 மி.மீ. கோணத்திலும் ஃபிரேம் நின்றது. ஓலைகள் மட்டும் அசைந்தன, அது கதைக்கு வேண்டியதுதான்.

கோயம்புத்தூரில் வெரைட்டி ஹால் ரோடு வழியாகப் போகும்போதெல்லாம் சாமிக்கண்ணு வின்சென்ட் நினைவு வரும். ரயில்வேயில் வரைவாளராக இருந்தவர். 1905இல் ஒரு பிரெஞ்சுக்காரரிடம் புரொஜெக்டரும் படச்சுருள்களும் வாங்கிக்கொண்டு ஊர் ஊராகக் கொட்டகை போட்டுப் படம் காட்டினார். அப்புறம் 1914இல் இங்கே வெரைட்டி ஹாலைக் கட்டினார். பின்னால் சென்ட்ரல் ஸ்டூடியோ, பட்சிராஜா ஸ்டூடியோ எல்லாம் வந்து இந்த ஊரிலேயே படங்கள் உருவாயின. ஸ்டூடியோக்கள் போய்விட்டன. இரும்பு கடையத் தெரிந்தவர்கள் இன்னும் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். சின்னப் படம் எடுக்கும் பையன்கள் அவர்களிடம் போக வேண்டும் என்பது என் ஆசை.

மிச்சம் இருப்பது இரண்டு வேலை. ஒன்று, 0.8 மாட்யூல் (பல்லின் அளவு) பல் வெட்டிய ஃபோகஸ் கியர். ஹீலியாஸின் ஃபோகஸ் வளையத்தின் வெளி விட்டத்தை அளந்து கொடுத்திருக்கிறேன், கியர் வெட்டுபவர் வேறு பட்டறை. இரண்டாவது, தோப்பு வரப்பில் ஓடும் டாலி (கேமராவை நகர்த்தும் வண்டி). 608 பேரிங்குகளை 45 டிகிரி சாய்வில் மாட்டி, சதுரக் குழாய் மேல் ஓட்டிப் பார்த்தேன். நன்றாக ஓடுகிறது, ஆனால் இரும்பு மேல் இரும்பு உரசும் சத்தம் வசனத்தில் விழுகிறது. பேரிங் மேல் நைலான் உறை ஏற்றினால் சரியாகும் என்று அண்ணன் சொல்கிறார். புதன்கிழமை கடைந்து வைப்பதாகச் சொல்லியிருக்கிறார். அது ஓடியதும் அளவுகளோடு எழுதுகிறேன்.