டையில் சிக்கிய கேஸும் கம்பளி மெழுகும்

பன்னிரண்டு வருடமாக ரீலோடிங் செய்கிறேன், அதாவது சுட்ட தோட்டாவின் காலிப் பித்தளை உறையை (கேஸ்) மறுபடி நிரப்பித் தோட்டாவாக்கும் வேலை. என் டைக்குள் (கேஸை அளவுக்கு இறுக்கும் எஃகு அச்சு) ஒரு கேஸ்கூட மாட்டியதில்லை என்று கேட்டவர், கேட்காதவர் எல்லோரிடமும் பீற்றிக்கொண்டு திரிந்தவன் நான். மூன்று வாரத்துக்கு முன் அந்தப் பீற்றலுக்கு முடிவு வந்தது. 308 வின்செஸ்டர் ரைஃபிள் கேஸ், ஃபுல் லெங்த் சைசிங், அதாவது சுட்டதில் உப்பிய கேஸை முழு நீளத்துக்கும் பழைய அளவுக்கு இறுக்குவது. முக்கால்வாசி உள்ளே போன கேஸ் அதற்கு மேல் அசையவில்லை. அங்கேயே நிறுத்தியிருக்கலாம். நான்தான் பலசாலியாயிற்றே, டையை மாட்டியிருக்கும் ப்ரெஸ்ஸின் கைப்பிடியில் முழு எடையையும் போட்டு அழுத்தினேன். உள்ளே போய்விட்டது. திரும்பி வரத்தான் மாட்டேன் என்றது. மேலே தூக்கியபோது 'டக்' என்று ஒரு சத்தம். கேஸின் அடியைப் பிடிக்கும் ஷெல் ஹோல்டரில் பித்தளை விளிம்பு மட்டும் பிறை மாதிரி கிழிந்து கிடந்தது. மீதிக் கேஸ் டைக்குள்ளேயே குடியேறிவிட்டது.

அன்றைக்கு நான் போட்டிருந்தது கடையில் வாங்கிய ஸ்ப்ரே மசகு. பெயர் வேண்டாம். முழுப் பழியையும் அந்த டப்பாவின் தலையில் போடவும் முடியாது. அடித்ததும் காயவிட வேண்டும் என்று அதிலேயே அச்சடித்திருக்கிறார்கள். நான் அடித்த கையோடு, ஈரம் மினுமினுக்கும்போதே கேஸை எடுத்து டையில் ஏற்றினேன். ஈரமாக இருந்தால் வழுக்கும் என்று மனது சொல்லும். நடப்பது நேர்மாறு. மினுங்குவது மசகு அல்ல, அதைச் சுமந்து வரும் கரைப்பான். அது ஆவியாகிப் போனால்தான் மசகு தன் முழுக் கனத்தோடு பித்தளை மேல் படியும். அது இருக்கும்வரை மசகுப் படலம் நீர்த்துப்போய்க் கிடக்கும், டையின் அழுத்தத்தில் பிதுங்கி ஓடிவிடும். போதாததற்கு அந்தக் கேஸ்கள் இயந்திரத் துப்பாக்கியில் சுட்ட பழைய ராணுவப் பித்தளை. அந்தத் துப்பாக்கிகளின் சேம்பர் (தோட்டா உட்காரும் அறை) தாராளமானது, கேஸ் நன்றாக உப்பி வரும். அதைப் பழைய அளவுக்கு இறுக்க இரண்டு மடங்கு உழைப்பு.

சிக்கியதை எடுத்த கதையைச் சுருக்கிவிடுகிறேன், மாட்டியவர்களுக்குத் தெரியும். பழைய ப்ரைமரை (வெடிமருந்துக்குத் தீ வைக்கும் சிறு மூடி) தள்ளும் டீகேப்பிங் தண்டை முடிந்தவரை மேலே ஏற்றி, ப்ரைமர் குழியில் 5.1 மில்லிமீட்டர் பிட்டால் துளை போட்டு, கால் அங்குலம், அங்குலத்துக்கு 20 மரை என்ற அளவில் டேப் (மரை வெட்டும் கருவி) ஓட்டி, மேலே ஒரு கிண்ணத்தைக் கவிழ்த்து போல்ட்டை முறுக்கினால் கேஸ் மெல்ல மெல்ல வெளியே வரும். எழுத மூன்று வரி, செய்ய ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஒரு டேப் முறிந்தது. டைக்குள் கீறல் விழவில்லை, அது ஒன்றுதான் புண்ணியம்.

அந்தக் கோபத்தில்தான் லனோலினில் இறங்கினேன். ஆட்டுக் கம்பளியைக் கழுவும்போது கிடைக்கும் பொருள். கம்பளிக் கொழுப்பு என்று சொன்னாலும் வேதியியல்படி அது கொழுப்பே இல்லை, மெழுகு. பித்தளைக்கும் எஃகுக்கும் நடுவே எண்ணெய் நிற்காத அழுத்தத்திலும் அது ஒட்டிக்கொண்டு நிற்கும். சைசிங் டைக்கு வேண்டியது அந்தக் குணம்தான். துருப்பிடித்த மரைக்கு அடிக்கிற மெல்லிய எண்ணெயை எடுத்துக் கேஸில் அடிப்பவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். அவர்களுக்கெல்லாம் என்னிடம் மிச்சமிருக்கும் டேப்பை இரவல் தருகிறேன்.

கலவை எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஒரு பங்கு லனோலின், பன்னிரண்டு பங்கு ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால். நான் எடுத்தது 30 மில்லிக்கு 360 மில்லி. முதல் தடவை சொதப்பினேன். வீட்டிலிருந்த 70 சதவீத ஆல்கஹாலை ஊற்றினேன். மிச்ச 30 சதவீதம் தண்ணீர் என்பது மூளையில் ஏறவே இல்லை. கலவை மோர் மாதிரி வெளுத்து, கால் மணி நேரத்தில் அடியில் கட்டிகட்டியாகத் தங்கிவிட்டது. லனோலின் தண்ணீரில் கரையாது. ஆனால் தன் எடைக்கு இரண்டு மடங்குத் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அழகுசாதனக்காரர்களுக்கு அது வரம், நமக்குச் சனியன். ஸ்ப்ரே பாட்டிலின் மூக்கு அடைத்து, அதை ஊசியால் குத்திக் குத்தியே ஒரு மாலை போனது.

இரண்டாவது தடவை 99 சதவீதம். இதில் ஒரு கஷ்டம், கெட்டி லனோலின் குளிர்ந்த ஆல்கஹாலில் லேசில் கரையாது. அது உருகுவது கிட்டத்தட்ட நம் உடம்புச் சூட்டில், 40 டிகிரி சுற்றுவட்டாரத்தில். ஆகவே லனோலின் டப்பாவை வெந்நீரில் உட்காரவைத்து உருக்கினேன். ஆல்கஹால் பாட்டிலையும் மூடியைத் தளர்த்தி, அடுப்பிலிருந்து தள்ளி எடுத்துவந்த வெந்நீர்ப் பாத்திரத்தில் கொஞ்ச நேரம் வைத்தேன். அடுப்பின் பக்கம் இதைக் கொண்டுபோகாதீர்கள். ஆல்கஹாலின் ஆவி கண்ணுக்குத் தெரியாது, தீப்பொறிக்கு நன்றாகவே தெரியும். சன்னல் திறந்திருக்கட்டும். வெதுவெதுப்பான இரண்டையும் சேர்த்துக் குலுக்கினால் தேன் நிறத்தில் தெளிவாக வரும். ஆறியதும் அடியில் கொஞ்சம் படியத்தான் செய்யும். ஒவ்வொரு தடவையும் குலுக்கிவிட்டு அடித்தால் போதும்.

லனோலின் எங்கே வாங்குவது என்று கேட்பவர்களுக்கு: மருந்துக் கடையில் பாலூட்டும் தாய்மார்களுக்கான களிம்பு வைத்திருக்கும் அலமாரியைப் பாருங்கள். லனோலின் தவிர வேறொன்றும் சேராத ட்யூப் கிடைக்கும். வாசனை சேர்த்தது, தண்ணீர் கலந்த க்ரீம், இரண்டும் ஆகாது. நான் கட்டையான விரலும் கிரீஸ் படிந்த சட்டையுமாகப் போய் நான்கு ட்யூப் கேட்டேன். கடைக்காரம்மா வாழ்த்துச் சொன்னார். நன்றி சொல்லிவிட்டு வந்தேன், விளக்கப் போனால் தோட்டாவில் ஆரம்பிக்க வேண்டியிருக்கும். சோப்பு செய்பவர்களுக்குச் சரக்கு விற்கும் இடங்களில் பெரிய டப்பாவாகக் கிடைக்கிறது, அடுத்த தடவை அங்கேதான். திரவ லனோலின் என்றும் ஒன்று உண்டு, உருக்கும் வேலை மிச்சம் என்கிறார்கள். நான் இன்னும் தொடவில்லை.

இனி நான் மூன்று வாரமாக மண்டையை உடைத்துக்கொண்ட இடம்: எப்படி அடிப்பது. சிரிக்காதீர்கள். கலவையில் வரும் வித்தியாசத்தைவிட அடிக்கும் விதத்தில் வரும் வித்தியாசம் பெரிது.

கேஸ்களை லோடிங் ப்ளாக்கில் (குழிகள் உள்ள பலகை) நிற்கவைத்து அடித்தால், ஓரத்து வரிசைகள் குளித்துவிடும், நடுவில் நிற்பவை முன்வரிசையின் நிழலில் காய்ந்தபடி நிற்கும். ப்ளாஸ்டிக் தட்டில் கொட்டி, அடித்து உருட்டினால் உடம்பு முழுக்கச் சீராகப் படியும். ஆனால் நெக்கின் (கேஸின் ஒடுங்கிய கழுத்து) உள்பக்கம் அதிர்ஷ்டம்தான், சிலவற்றில் படும், சிலவற்றில் படாது. உடம்பில் பூசினால் போதாதா என்று நானும் நினைத்திருந்தேன். எக்ஸ்பாண்டர் பால், அதாவது டைக்குள் தண்டில் இருந்து நெக்கை உள்ளிருந்து விரிக்கும் உருண்டை, வெளியே வரும்போது 'கீச்' என்று ஒரு சத்தம் வருமே, பல்லைக் கூச வைக்கும் சத்தம், அதுதான் பதில். உலர்ந்த நெக்கை அந்த உருண்டை பிடித்து இழுக்கும். அந்த இழுப்பில் ஷோல்டரும் (நெக்குக்குக் கீழே சரியும் தோள்) சேர்ந்து முன்னால் வரும். நாம் டையைத் திருகித் திருகி ஷோல்டரை 0.002 அங்குலம் பின்னால் தள்ளிவைத்தால், கீச் சத்தம் ஒன்று அதில் பாதியைத் திருப்பி எடுத்துக்கொண்டு போய்விடும்.

ஷோல்டர் வரை உள்ள நீளத்தைப் பார்க்க உதவும் கம்பரேட்டரைக் காலிப்பரில் (நுண்ணளவுகோல்) மாட்டி, ஒவ்வொரு முறைக்கும் இருபது கேஸ் அளந்தேன். கடை ஸ்ப்ரே, இம்முறை ஒழுங்காகக் காயவிட்டு: மிகச் சிறியதற்கும் மிகப் பெரியதற்கும் வித்தியாசம் 0.004 அங்குலம். லனோலின், தட்டில் உருட்டியது: 0.003. லனோலின், நெக்குக்குள்ளும் பட்டது: 0.001. காலிப்பரை நம்பாமல் மறுபடி அளந்தேன். அதே கணக்கு. இருபது கேஸ் பெரிய ஆராய்ச்சி இல்லை என்று எனக்கும் தெரியும். ஆனால் என் ப்ரெஸ்ஸில், என் டையில், என் கைப்பிடியில் அந்த வித்தியாசம் தெரிகிறது. கீச் சத்தம் அறவே இல்லை.

இப்போது செய்வது இது. முதலில் ப்ளாக்கில், வாய் மேலே பார்க்க நிறுத்தி, 45 டிகிரி சாய்வில் நான்கு திசையிலிருந்தும் ஒவ்வோர் அடி. சாய்வு முக்கியம். நேர் மேலிருந்து அடித்தால் கேஸின் அடி வரைக்கும் மசகு போய்த் தேங்கிவிடும். சாய்த்து அடித்தால் வாயின் உள்சுவரில் மட்டும் ஒரு புகைபோலப் படியும். பிறகு அப்படியே தட்டில் கவிழ்த்து, பக்கவாட்டில் இரண்டு அடி, கையுறை போட்டுக்கொண்டு ஒரு நிமிடம் உருட்டல். அதன்பின் பத்து நிமிடம் தொடவே கூடாது. ஐந்து போதும் என்பார்கள். டேப் முறிந்தவனுக்குப் பத்து. நான் அந்த நேரத்தில் தட்டை விட்டு எழுந்து அடுத்த அறைக்கே போய்விடுகிறேன், பக்கத்தில் உட்கார்ந்தால் கை சும்மா இருக்காது. கேஸைத் தொட்டால் ஈரம் தெரியக் கூடாது, லேசாகப் பிசுபிசுக்க வேண்டும். அதுதான் பதம்.

அதிகம் ஆனாலும் வம்பு. இரண்டாம் நாள் ஆர்வக்கோளாறில் பாட்டிலை விளாசிவிட்டேன். ஏழு கேஸ்களில் ஷோல்டரில் பள்ளம். டைக்கும் கேஸுக்கும் நடுவே மாட்டிய மசகு நசுங்காது, பித்தளைதான் நசுங்கும். டையின் காற்றுத் துளையும் அடைத்திருந்தது. பள்ளம் சின்னதாக இருந்ததால் அந்த ஏழையும் தனியாக வைத்திருக்கிறேன், சுடும்போது தானே எழும்பிவிடும்.

கடைச் சரக்கே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. இம்பீரியல் சைசிங் வேக்ஸ் டப்பா ஒன்று என் அலமாரியில் எப்போதும் உண்டு. விரல் நுனியில் தொட்டு ஒரு துளி தேய்த்தால் இரண்டு மூன்று கேஸுக்குக் காணும். இருபது, முப்பது கேஸ் என்றால் அதை அடிக்க ஆளில்லை. ராணுவப் பித்தளையில் அடம்பிடிக்கும் கேஸ் வந்தாலும் அதைத்தான் தேடுவேன். முந்நூறு கேஸுக்கு விரலால் தேய்த்துப் பாருங்கள், மறுநாள் பேனா பிடிக்க முடியாது. மசகு தடவிய பேடில் கேஸை உருட்டும் பழைய முறையும் இருக்கிறது. என் பேடில் தூசியும், கேஸை உருட்டிச் சுத்தம் செய்யும் டம்ளர் இயந்திரத்தின் துகளும் சேர்ந்து உப்புத்தாளாகிவிட்டது, தூக்கிப் போட்டேன். 9 மில்லிமீட்டர் கைத்துப்பாக்கிக் கேஸுக்குக் கார்பைடு (எஃகைவிடக் கடினமான பொருள்) டை இருப்பதால் இந்தக் கவலையே இல்லை. ரைஃபிள் கேஸுக்குக் கார்பைடு டை வாங்கினால் மசகு வேண்டாம் என்று நம்பி யாரும் காசைக் கொட்டாதீர்கள், அதற்கும் மசகு வேண்டும்.

நடுவில் ஒரு சோதனை: விளக்கெண்ணெய். லனோலின் தீர்ந்துபோன ஒரு ராத்திரியில் வந்த யோசனை. தாவர எண்ணெய்களில் ஆல்கஹாலில் நன்றாகக் கரைவது இதுதான், கலக்கியதும் தெளிவாக நின்றது, அடியில் படியவும் இல்லை. முதல் உலகப் போர் விமானங்களின் ரோட்டரி எஞ்சின்களுக்கே இதைத்தான் ஊற்றினார்கள், என் ப்ரெஸ் எம்மாத்திரம் என்று நினைத்தேன். பத்து கேஸ் சைஸ் செய்தேன், சுமாராக வழுக்கியது, மாட்டவில்லை. துடைக்க மறந்து ஒரு வாரம் விட்ட கேஸ்களில் பிசின் மாதிரி பிடித்துக்கொண்டது. விளக்கெண்ணெய் என்று நாம் ஆளைத் திட்டுவது ஏன் என்று அன்றைக்குப் புரிந்தது. லனோலினோடு கொஞ்சம் சேர்த்தால் கலவை படியாமல் நிற்குமா என்று பார்க்க ஒரு சின்னப் பாட்டில் கலக்கி வைத்திருக்கிறேன், ஆறு பங்கு லனோலினுக்கு ஒரு பங்கு. முடிவு வந்ததும் சொல்கிறேன்.

சைஸ் செய்த பிறகு மசகை எடுத்தே ஆக வேண்டும், சோம்பல்படக் கூடாது. வழுக்கும் கேஸ் சேம்பர் சுவரைப் பிடிக்காது, சுடும்போது அதன் உதை முழுக்க துப்பாக்கியின் போல்ட்டின் (சேம்பரைப் பின்னாலிருந்து அடைக்கும் பாகம்) மேல் விழும். நெக்குக்குள் நான் ஆசையாக அடித்த லனோலின் வெடிமருந்தில் பட்டாலும் கெடுதல். இங்கேதான் என் முறையின் பலவீனம். உடம்பில் இருப்பது ஆல்கஹால் நனைத்த துணியால் போய்விடும், நெக்குக்குள் இருப்பது போகாது. உலர்ந்த சோளத்தக்கைத் துகளில் டம்ளர் ஓட்டினால் நாற்பது நிமிடத்தில் சுத்தம், ஆனால் ஃப்ளாஷ் ஹோலில் (ப்ரைமரின் தீ உள்ளே போகும் அடித் துளை) ஒவ்வொன்றிலும் ஒரு துகள் செருகிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். ஒவ்வொரு கேஸாகக் குச்சியால் தள்ளிக்கொண்டிருந்தேன், மூன்று வாரத்தில் மிகக் கேவலமான வேலை அதுதான். இன்னும் பொடியான துகள் விற்கிறார்கள், துளைக்குள் நிற்காமல் ஓடிவிடுமாம், சொல்லி வைத்திருக்கிறேன். அதுவரை வெந்நீர், பாத்திரச் சோப்பு, எஃகு ஊசிகள் போட்ட ஈர டம்ளர்.

இன்றைய நிலவரம்: 214 கேஸ் லனோலினில் சைஸ் ஆகிவிட்டது, ஒன்றும் மாட்டவில்லை. ராணுவப் பித்தளைக்கு ப்ரைமர் குழியின் க்ரிம்ப்பை (ப்ரைமரை இறுக்கிய மடிப்பு) இன்னும் எடுக்கவில்லை, 2.005 அங்குல நீளத்துக்கு வெட்டி ட்ரிம் செய்யவும் இல்லை. அனீலிங்குக்கு (நெக்கைச் சூடாக்கி மிருதுவாக்குவது) ஒரு தீ டார்ச்சும் சுழலும் மேடையும் செய்யலாமா என்று தாளில் படம் போட ஆரம்பித்துவிட்டேன், இது முடியாமல் அது எதற்கு என்று வீட்டில் கேட்டாகிவிட்டது. ஈர டம்ளர் இப்போது ஓடிக்கொண்டிருக்கிறது, இன்னும் ஒரு மணி நேரம் ஆகும். அதற்குள் அந்த ஏழு பள்ளக் கேஸ்களையும் மறுபடி அளந்து பார்க்கப் போகிறேன்.