அம்மாவுக்கான பறுவம்

அம்மா இருந்தவரைக்கும் சித்திரா பௌர்ணமி எனக்குக் கஞ்சி குடிக்கிற நாள். யாழ்ப்பாணத்தில் எங்கள் ஊரில் பெரியவர்கள் சித்திரைப் பறுவம் என்பார்கள். விடியவே கோயில் வீதியில் கிடாரத்தை அடுப்பில் ஏற்றிவிடுவார்கள், பச்சையரிசியும் பயறும் அவிந்து தேங்காய்ப்பால் விடும்போது வாசம் எங்கள் ஒழுங்கை வரைக்கும் வரும், நானும் தம்பியும் ஆளுக்கொரு செம்போடு ஓடுவோம். அம்மா மட்டும் குடிக்க மாட்டார். அவருக்கு அன்று விரதம், அம்மம்மாவுக்காக.

சென்னையில் இருக்கும் என் தோழி ஒருத்திக்கு இதைச் சொன்னபோது ஆச்சரியப்பட்டாள். அவர்கள் வீட்டில் தாய்க்கும் தகப்பனுக்கும் எல்லாம் அமாவாசையில்தானாம். யாழ்ப்பாணத்தில் தகப்பனை இழந்தவர்கள் ஆடி அமாவாசை பிடிப்பார்கள், தாயை இழந்தவர்கள் சித்திரா பௌர்ணமி பிடிப்பார்கள். ஆடி அமாவாசைக்கு விரதச் சமையலுக்கான காத்தோட்டிக்காய் தேடி அலைவதும் தீர்த்தமாடக் கீரிமலைக்குப் போவதும் எப்படியோ, அப்படித்தான் சித்திரைக்குக் கஞ்சியும் கதை படிப்பும்.

ஏன் தாய்க்குப் பௌர்ணமி என்று கேட்டால் சோதிடம் தெரிந்தவர்கள் ஒரு விளக்கம் சொல்வார்கள். சூரியன் தகப்பனைக் குறிக்கிற பிதுர்காரகன், சந்திரன் தாயைக் குறிக்கிற மாதுர்காரகன். ஆடியில் சூரியன் சந்திரனுடைய வீடான கடகத்துக்கு வந்து, அமாவாசையன்று இரண்டும் அங்கே ஒன்றாக நிற்கும். சித்திரையில் சூரியன் மேடத்தில் உச்சம், நேரெதிரே சித்திரை நட்சத்திரத்தை ஒட்டி முழுநிலவு. தாயைக் குறிக்கிற கோள் குறையில்லாமல் முழுசாகத் தெரியும் இரவு. எனக்கு இந்த விளக்கம் மிகவும் பிடிக்கும்.

அப்புறம் சித்திரகுப்தர். எங்கள் பக்கம் சித்திரபுத்திரனார் என்போம். யமனுடைய கணக்குப்பிள்ளை, நாம் செய்கிற நல்லது கெட்டதையெல்லாம் ஒன்றுவிடாமல் எழுதுகிறவர். பார்வதி பொற்பலகையில் வரைந்த சித்திரத்துக்குச் சிவன் உயிர் கொடுத்ததால் அந்தப் பெயர் வந்தது என்று ஒரு கதை, பிள்ளையில்லாத இந்திராணிக்காகக் காமதேனுவின் வயிற்றில் பிறந்தார் என்று இன்னொரு கதை. பசு வயிற்றில் பிறந்தவர் என்பதால்தான் அவருக்கு விரதம் இருக்கிறவர்கள் பசும்பால், தயிர், நெய் சேர்க்க மாட்டார்கள், உப்பையும் தவிர்ப்பார்கள். காஞ்சிபுரத்தில் அவருக்குத் தனிக்கோயிலே இருக்கிறது. தமிழ்நாட்டு வீடுகளில் ஏடும் எழுத்தாணியுமாக அவரைக் கோலத்தில் வரைந்து, மலையளவு பாவத்தைக் கடுகளவாகவும் கடுகளவு புண்ணியத்தை மலையளவாகவும் எழுதிக்கொள் என்று வேண்டுவார்களாம். அதே நாளில் மதுரையில் அழகர் வைகையில் இறங்குகிறார், திருவண்ணாமலையில் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதை முழுக்க சனம், குமுளிக்கு மேலே காட்டுக்குள் இருக்கும் மங்கலதேவி கண்ணகி கோயில் வருடத்தில் அந்த ஒரு நாள்தான் திறக்கிறது. எல்லாம் பெரிய விழாக்கள். ஆனாலும் எனக்குச் சித்திரா பௌர்ணமி என்றால் கோயில் மண்டபத்தில் ஒருவர் இராகத்தோடு படிக்க, பக்கத்தில் இருப்பவர் அதன் பொருளை விளக்கிப் பயன் சொல்ல, தூணில் சாய்ந்தபடி அம்மா கேட்டுக்கொண்டிருந்த அந்தச் சித்திரபுத்திரனார் கதைதான்.

ஒருமுறை அவரிடம் கேட்டிருக்கிறேன், கணக்கு எழுதுகிற கதையை ஏன் அம்மம்மாவின் விரதத்தன்று படிக்கிறார்கள் என்று. "தாய்க்குக் கொடுக்கவேண்டிய கணக்குத்தானே பிள்ளை ஒருநாளும் தீராது" என்றார். அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது இருக்கும், ஒன்றும் விளங்கவில்லை, கஞ்சி ஆறமுதல் குடிக்கவேண்டும் என்பதுதான் மனதில்.

இப்போது விரதம் என்னுடையது. கொழும்பில் இருக்கிறேன். காலையில் கோயிலுக்குப் போய் அம்மா பெயருக்கு மோட்ச அர்ச்சனை, ஐயருக்கு அரிசியும் மரக்கறியும் தட்சணையும், வீட்டுக்கு வந்து அம்மாவுக்குப் பிடித்த கறிகளாகச் சமைத்துப் படைத்து, காகத்துக்கு வைத்துவிட்டு ஒருநேரச் சாப்பாடு. வாழைக்காயும் பயற்றங்காயும் கட்டாயம் இருக்கும். வேறு பெரிதாக எதுவும் இல்லை. சுருக்கமாகச் செய்தால் போதுமே என்று வீட்டில் சொல்கிறார்கள், எனக்கு மனம் வரவில்லை, அவர் தன் தாய்க்குச் செய்ததில் பாதியைக்கூட நான் இன்னும் செய்யவில்லை.

2025இல் சித்திரா பௌர்ணமியும் பௌத்தர்களின் வெசாக் பண்டிகையும் மே 12இலேயே வந்தன. 2023இலும் அப்படித்தான், மே 5. தமிழ் மாதம் சூரியனை வைத்து வருவது, இங்கே போயா என்கிற பௌர்ணமி விடுமுறை நிலவை வைத்து வருவது, அதனால் சில வருடங்களில் இரண்டும் ஒரே நிலவில் விழும். 2025இல் அன்றிரவு எங்கள் தெரு முழுக்க வெசாக் வெளிச்சக்கூடுகள், சந்தியில் தன்சல் என்று இலவசச் சாப்பாடு கொடுத்துக்கொண்டிருந்தார்கள். மகளைக் கூட்டிக்கொண்டு மொட்டைமாடிக்குப் போனேன். நிலவு நன்றாக மேலே வந்திருந்தது. "அடுத்த முறை எனக்கும் கஞ்சி காய்ச்சித் தருவீங்களா அம்மா" என்று கேட்டாள். ஊரில் தம்பியிடம் சொல்லி நல்ல பச்சையரிசி எடுப்பித்து வைத்திருக்கிறேன்.