டர்பன் சந்தைக்கூடம்: வரைபடம் உருவான விதம்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகர மையத்தில் ஒரு பழைய கிடங்கைப் பொதுச் சந்தைக்கூடமாக மாற்றும் வடிவமைப்புக் குழுவில் நான் இருக்கிறேன். பணம் போடுகிறவர்களுக்குத் தெருமுகப்பில் கண்ணாடியும் காப்பிக் கடையும் வேண்டும். காய்கறி பின்னால் இருந்தால் போதும். களையிழந்த மையத்துக்குப் புறநகர்க் கார்கள் வந்தால் உயிர் வந்துவிடும் என்பது அவர்கள் கணக்கு.

வியாபாரிகள் முதல் கூட்டத்தில் வரைபடத்தைப் பார்க்கவே இல்லை. 1910இல் தொடங்கிய அதிகாலைச் சந்தையை அகற்றி, நகரின் பெரிய போக்குவரத்துச் சந்திப்பான வார்விக்கில் வணிக வளாகம் கட்ட 2009இல் திட்டம் வந்ததையும், எதிர்ப்பால் அது கைவிடப்பட்டதையும் அவர்கள் மறக்கவில்லை. "எங்கள் மேசைக்கு எழுத்தில் என்ன உறுதி?" என்று கேட்டார்கள். ஏற்கெனவே விற்பவர்களுக்கே முதல் உரிமை என்ற வரி ஒப்பந்தத்தில் ஏறிய பிறகுதான் வேலை நகர்ந்தது. நியாயமான பிடிவாதம்.

பிறகு விடியுமுன் வார்விக்குக்குப் போய் அளவெடுத்தோம். எதிரெதிரே வரும் இரண்டு தள்ளுவண்டிகள் உரசாமல் போகும் அகலமே எங்கள் நடைபாதைக்கு அளவானது. கீரையும் அமடும்பே என்ற சேப்பங்கிழங்கும் விற்கும் ஆன்ட்டி ஒருவர், "தம்பி, ராத்திரி சரக்கை எங்கே வைப்பேன்? முதலில் அதை வரை" என்றார். காப்பிக் கடைக்கு ஒதுக்கிய இடத்தில் பாதி, பூட்டிவைக்கும் சரக்கறையானது. பெரிய வாசலையும் கார் நிறுத்துமிடத்திலிருந்து மினிபஸ் டாக்சி நிறுத்தத்தின் பக்கம் திருப்பினோம். வார்விக் வழியே தினமும் ஏறத்தாழ 4,60,000 பேர் கடந்துபோவதாகச் சொல்கிறார்கள். அங்கே பயன்படாமல் நின்ற மேம்பாலத்தில் மூலிகைச் சந்தை தழைத்ததற்குக் காரணம், அது நடப்பவர்களின் வழியில் இருப்பதுதான்.

எனக்குப் பிடித்த வேலை கூரை. சூரியன் இங்கே வடக்கே சாய்ந்து போவதால், கூரைச் சன்னல்கள் தெற்கு நோக்க வேண்டும். கீரைமேல் வெயில் நேரே விழாது. கோடைப் புழுக்கம் வெளியேற உச்சியில் திறப்பு வைத்தோம். கட்டடம் 60 ஆண்டைத் தாண்டியது என்பதால் மரபுரிமைச் சட்டப்படி தனி அனுமதியும் வாங்க வேண்டியிருந்தது. கோப்பு நகர்ந்த வேகத்தைப் பற்றி எழுதினால் என் இரத்த அழுத்தம் ஏறும்.

மிச்சமிருப்பது வாடகை. வாசலோர மேசைக்கும் உள்மேசைக்கும் ஒரே தொகையா? மாதந்தோறும் இடம் மாற்றிக்கொள்ளலாமே என்றேன். "வாடிக்கைக்காரர் என்னைத் தேடி மாதாமாதம் அலைவாரா?" என்று ஆன்ட்டி மடக்கிவிட்டார். உள்மேசைக்கு வாடகை குறைவு என்ற யோசனையோடு அடுத்த கூட்டத்துக்குப் போகிறோம்.