நிமிர்ந்த செங்கொத்தும் தொங்கும் வெண்காயும்: ஒஹாயோவில் சுமாக் பார்த்த நாள்

அக்டோபர் முதல் வாரத்தில் கொலம்பஸ் நகரிலிருந்து மேற்கே அர்பானா நோக்கிச் சென்றபோது, சாலையோரச் சரிவுகள் நெடுக மான்கொம்புச் சுமாக் என்னும் புதர்ச்செடி செக்கச் சிவந்து நின்றது. என்னை அழைத்துச் சென்ற நண்பரின் தோட்டத்திலும் அது உண்டு. ஆனால், அது தொட்டாலே உடம்பெல்லாம் தடிக்கும் செடி என்று நம்பிய பக்கத்து வீட்டார் அதை வெட்டிவிடும்படி வற்புறுத்திவந்தார்கள். தோட்டத்துச் செடியையும் அதன் நச்சு உறவையும் ஒரே நாளில் எனக்குக் காட்டிவிட வேண்டும் என்பதே நண்பரின் எண்ணம்.

புறப்படும் முன் அவர் தோட்டத்துச் செடியைத் தொட்டுப் பார்த்தேன். இளங்கிளை முழுவதும் பழுப்பு நிற மென்ரோமம் படர்ந்திருந்தது. முளைத்துவரும் மான் கொம்பின் மேல்தோலைப் போல இருப்பதால்தான் இந்தப் பெயர். சிற்றிலைகளின் விளிம்பு ரம்பம் போல் பல் பல்லாக இருந்தது. கிளை நுனியில் கருஞ்சிவப்புக் காய்க்கொத்து கூம்பாக நிமிர்ந்து நின்றது. ஆண், பெண் செடிகள் தனித்தனி என்பதால், பெண் செடியில் மட்டுமே இக்கொத்தைக் காணலாம்.

வெயிலும் நீர் தேங்காத மண்ணும் இருந்தால் இது வளமற்ற நிலத்திலும் செழிக்கும். உண்மையான தொல்லை வேரில்தான் இருக்கிறது. வேரிலிருந்து பக்கக் கன்றுகள் பல அடி தள்ளிக் கிளம்பும். மண்ணைக் கொத்தி வேரைக் காயப்படுத்தினால் இன்னும் பெருகும். ஆகவே இதைச் சிறிய பாத்தியில் வைப்பது தவறு என்றே நினைக்கிறேன். அகன்ற சரிவோ, சுற்றிலும் புல் வெட்டப்படும் இடமோ இதற்கு ஏற்றது.

அர்பானா அருகிலுள்ள சீடார் பாக் சதுப்பு நிலத்தில், மரப்பலகைப் பாதையை விட்டு இறங்காமல் நச்சுச் சுமாக்கைப் பார்த்தோம். சிற்றிலைகள் 7 முதல் 13 வரை; விளிம்பில் பல் இல்லை, தண்டில் ரோமம் இல்லை. வெளிறிய வெண்காய்கள் தளர்ந்த கொத்தாகத் தொங்கின. வேர் ஈரத்திலேயே நிற்க விரும்பும் செடி என்பதால், உலர்ந்த தோட்டத்தில் இது முளைப்பது அரிது. முன்பு இரண்டையும் ஒரே பேரினத்தில் வைத்திருந்தார்கள். இப்போது நச்சுச் சுமாக் வேறு பேரினத்தில் இருந்தாலும் பழைய பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது. மா, முந்திரி, சேங்கொட்டை ஆகியவற்றின் குடும்பமே இரண்டுக்கும்; சேங்கொட்டைப் பால் பட்டுத் தோல் புண்ணாவதை அறிந்தவர்களுக்கு நச்சுச் சுமாக்கின் குணத்தை விளக்க வேண்டியதில்லை. தோலைத் தடிக்கவைக்கும் அதன் உருஷியால் என்னும் எண்ணெய் இலை உதிர்ந்த குச்சியிலும் இருக்கும். எரித்தால் புகையோடு கலந்து நுரையீரலையே தாக்கும் என்பதால், வெட்டிய கிளையைக் கொளுத்தவே கூடாது.

தரையோடு படரும் மணச் சுமாக்கில்தான் குழப்பம் அதிகம். அதற்கும், தொட்டால் தோலைத் தடிக்கவைக்கும் பாய்சன் ஐவி என்னும் நச்சுக்கொடிக்கும் மும்மூன்று சிற்றிலைகள். நடுச் சிற்றிலைக்கு நீண்ட காம்பு இருந்தால் ஐவி. காம்பே இல்லாததுபோல் ஒட்டியிருந்தால் மணச் சுமாக். இலையைக் கசக்கி முகர்ந்து பார்க்கச் சொல்பவர்கள் உண்டு. எந்தச் செடி என்று தெரியும் முன்பே அதைக் கசக்குவது ஆபத்து.

மாலையில் வீடு திரும்பியதும் நண்பர் பக்கத்து வீட்டுக்காரரை வேலியருகே அழைத்து, ஒரு செங்கொத்தை ஒடித்து நீட்டினார். அவர் சற்றுத் தயங்கி வாங்கி, அதன் ரோமத்தைக் கட்டைவிரலால் மெல்லத் தடவிப் பார்த்தார்.