மூன்று பிக்சல் இடைவெளி

ஆனி மாதத்தில் சோழகம் வீசும் இரவுகளில், விருச்சிகத்துக்கு வடக்கே, யாழ்ப்பாணத்தின் உச்சி வானுக்குச் சற்றுத் தெற்காக என்ஜிசி 6240 என்ற விண்மீன் மண்டலம் (கலக்சி) கடந்து செல்கிறது. ஏறத்தாழ 40 கோடி ஒளியாண்டுத் தொலைவில் இருப்பதால் வெறும் கண்ணுக்கு அது தெரியாது. ஆனாலும், விண்வெளியில் இயங்கும் சந்திரா எக்ஸ்-கதிர்த் தொலைநோக்கியின் பொதுத் தரவுகளோடு வேலை செய்யும் எனக்கு, முற்றத்தில் நின்று அந்தத் திசையை ஒருமுறை அண்ணாந்து பார்க்காமல் படுக்கப் போக மனம் வருவதில்லை.

இரண்டு மண்டலங்கள் மோதி இணைந்ததால் உருவான அதன் நடுப்பகுதியைத் தூசி கனமாக மூடியிருக்கிறது. அத்தூசியை ஊடுருவி வரும் எக்ஸ்-கதிர்களைக் கொண்டுதான், சுமார் 3,000 ஒளியாண்டு இடைவெளியில் இரண்டு பெருங்கருந்துளைகள் அங்கே வாயுவை விழுங்கிக்கொண்டிருப்பதை 2002 இல் கண்டறிந்தார்கள்.

அந்தத் தரவை என் மாணவி முதன்முதலாகத் திறந்தபோது, திரை நிறைய வெப்ப வாயுவின் மங்கலான ஒளிதான் இருந்தது. "சேர், இதில ஒண்டுதானே தெரியுது?" என்றாள். 5,000 இலத்திரன்வோல்ற்றுக்குக் குறைந்த ஆற்றலுள்ள ஒளித்துகள்களை நீக்கிப் பார்க்கச் சொன்னேன். மூட்டம் விலக, மூன்று பிக்சல் அளவே இடைவெளி விட்டு இரண்டு பொட்டுகள் எஞ்சின. அவள் ஒன்றும் பேசாமல் இரண்டின்மேலும் விரலை மாறி மாறி வைத்துப் பார்த்தாள்.

பொட்டு இரண்டு என்பதால் மட்டும் கருந்துளையும் இரண்டாகிவிடாது. கருந்துளையருகிலிருந்து வரும் எக்ஸ்-கதிர் சுற்றியுள்ள வாயுவில் படும்போது, அதிலுள்ள இரும்பு 6,400 இலத்திரன்வோல்ற் அளவில் ஒரு கோட்டை உமிழும்; அந்தக் கோடு இரண்டின் நிறமாலையிலும் தனித்தனியே தெரிவதே இங்கு வலுவான சான்று. இதை நான் பட்டுத்தான் அறிந்தேன். வேறொரு மண்டலத்தில் ஒட்சிசன் கோடு, வெவ்வேறு வேகத்தில் நகரும் இரண்டு வாயுத் திரள்களிலிருந்து வருவதுபோல இரட்டை முகடாகப் பிரிந்திருந்ததைக் கண்டு, கருந்துளைச் சோடி ஒன்று அகப்பட்டுவிட்டதென்று நம்பி எட்டு மாதம் உழைத்தேன். கடைசியில், ஒரே கருந்துளை இரு பக்கமும் வெளியே தள்ளிய வாயுதான் அந்தத் தோற்றத்தைத் தந்திருந்தது. அப்படிப்பட்ட மண்டலங்களில் பெரும்பாலானவற்றின் கதை அதுதான் என்று தெரிந்திருந்தும், என் மண்டலம் விலக்காக இருக்கும் என்று ஆசைப்பட்டுவிட்டேன்.

மாணவி இப்போது இணைந்த மண்டலங்களின் பட்டியல் ஒன்றை வரிசையாகச் சோதித்து வருகிறாள். நேற்றுப் பின்னேரம் பதினொராவதைத் திறந்து, நான் சொல்லாமலே குறைந்த ஆற்றலை நீக்கினாள். ஒரு பொட்டுத்தான் எஞ்சியது. கொப்பியில் "ஒன்று" என்று எழுதி, பன்னிரண்டாவதைத் தரவிறக்கத் தொடங்கினாள்.