மாணவர் இதழில் கிரிக்கெட் வரலாறு: தேடலும் பக்க அமைப்பும்

மாணவர் இதழுக்குக் கிரிக்கெட் வரலாற்றுச் சிறப்பிதழ் என்று முடிவானதுமே வேலை இரண்டாகப் பிரிந்துவிடும். ஒரு குழு தகவல் தேடும், இன்னொன்று பக்கம் அமைக்கும். தேடியவர்கள் கட்டுரையைக் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்வார்கள். பக்கம் அமைப்பவர்களுக்கு அது நிரப்ப வேண்டிய எழுத்து, அவ்வளவுதான். இதழில் வரும் வரலாற்றுப் பிழைகளில் பெரும்பாலானவை இந்த இடைவெளியில்தான் பிறக்கின்றன. எழுதியவர் சரியாகவே எழுதியிருப்பார். இடம் போதாமல் பக்கத்தில் வெட்டும்போது செய்தி பொய்யாகிவிடும்.

"ஆண்களுக்கான முதல் உலகக் கோப்பை, 1975" என்று கட்டுரையில் இருக்கிறது. தலைப்பு ஒரு வரிக்குள் அடங்கவில்லை. முதல் சொல்லை எடுத்துவிட்டால் கச்சிதமாக உட்கார்ந்துவிடும். ஆனால் பெண்கள் உலகக் கோப்பை அதற்கு இரண்டு ஆண்டு முன்பே, 1973இல் இங்கிலாந்தில் நடந்து, இங்கிலாந்தே கோப்பையையும் வென்றுவிட்டது. டி20 கதையும் இதேதான். பெண்களின் முதல் சர்வதேச ஆட்டம் 2004 ஆகஸ்டில், ஆண்களுடையது 2005 பிப்ரவரியில். "முதல் சர்வதேசப் போட்டி 1877" என்று போட்டாலும் சிக்கல். அது முதல் டெஸ்ட். அமெரிக்காவும் கனடாவும் நியூயார்க்கில் 1844இலேயே மோதியிருக்கின்றன.

அதனால் கட்டுரை எழுதத் தொடங்கும் முன்பே ஒரு தகவல் அட்டவணை வேண்டும். சாதாரண எக்செல் தாள் போதும். செய்தி, ஆண்டு, மாதம், நாள், இடம், முதல் மூலம், இரண்டாம் மூலம், வெட்டக்கூடாத சொல், வரப்போகும் பக்கம், சரிபார்த்தவர் என்று பத்துக் கட்டங்கள். இவற்றில் உயிர் "வெட்டக்கூடாத சொல்" என்ற கட்டம். பக்கம் அமைப்பவர் கட்டுரை முழுவதையும் படிக்காவிட்டாலும் அந்த ஒரு கட்டத்தைப் பார்த்துவிட்டுத்தான் கத்தரியை எடுக்க வேண்டும்.

எக்செல்லில் இரண்டு பொறிகள் உண்டு. 1952இல் சேப்பாக்கத்தில் இந்தியா தன் முதல் டெஸ்ட் வெற்றியைப் பெற்றபோது வினூ மன்கட் முதல் இன்னிங்ஸில் 55 ரன்னுக்கு 8 விக்கெட், இரண்டாவதில் 53 ரன்னுக்கு 4 விக்கெட் எடுத்தார். அதை 8-55, 4-53 என்று கட்டத்தில் அடித்துப் பாருங்கள். என்டர் தட்டியதும் ஒன்று 1955 ஆகஸ்ட் ஆகும், மற்றொன்று 1953 ஏப்ரல் ஆகும். அடிப்பதற்கு முன்பே அந்தக் கட்டங்களை 'டெக்ஸ்ட்' வகைக்கு மாற்றிவிட வேண்டும். அடித்த பிறகு மாற்றினால் பந்துவீச்சுக் கணக்குக்குப் பதில் ஏதோ ஐந்து இலக்க எண் நிற்கும். இரண்டாவது பொறி, 1900க்கு முந்தைய தேதிகளை எக்செல் தேதியாகவே ஏற்காது. 1877 மார்ச் 15 வெறும் எழுத்தாக நிற்கும், வரிசைப்படுத்தும்போது காலக்கோடு குழம்பிவிடும். ஆண்டு, மாதம், நாளுக்குத் தனித்தனிக் கட்டம் கேட்பது இதனால்தான்.

இரண்டு மூலம் என்றால் இரண்டு இணையதளம் என்று அர்த்தமில்லை. ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதியிருந்தால் அது ஒரே மூலம்தான். ஒரே எழுத்துப் பிழை இரண்டிலும் இருந்தால் சந்தேகமே வேண்டாம். ஸ்கோர் அட்டை, அந்த நாளின் செய்தித்தாள், விதிப் புத்தகத்தின் பழைய பதிப்பு இவற்றில் ஒன்றாவது கைக்கு வர வேண்டும்.

பழைய காலத்துக்குப் போகப் போகத் தேதியே வழுக்கும். கிரிக்கெட் பற்றிக் கிடைக்கும் ஆரம்பகால உறுதியான ஆதாரம் இங்கிலாந்தின் கில்ட்ஃபர்டில் நடந்த ஒரு நில வழக்கு. ஜான் டெரிக் என்பவர், தான் பள்ளிச் சிறுவனாக இருந்தபோது அந்த நிலத்தில் கிரிக்கெட் ஆடியதாகச் சாட்சி சொல்கிறார். கணக்குப் போட்டால் அவர் ஆடியது 1550ஐ ஒட்டி. வழக்கின் ஆண்டு சில இடங்களில் 1597, சில இடங்களில் 1598. இரண்டும் தவறில்லை. அப்போது இங்கிலாந்தில் புத்தாண்டு மார்ச் 25இல்தான் பிறந்தது. ஆகவே அன்றைய ஆவணத்தில் 1597 ஜனவரி, நம் கணக்கில் 1598 ஜனவரி. இதழில் ஏதாவது ஒன்றை எடுத்துக்கொண்டு எல்லாப் பக்கத்திலும் அதையே போட வேண்டும். கட்டுரையில் ஒன்று, காலக்கோட்டில் ஒன்று என்று வந்தால் வாசகர் இரண்டையுமே நம்பமாட்டார்.

கேட்க இனிமையான கதைகளைத்தான் கூடுதலாகச் சோதிக்க வேண்டியிருக்கிறது. கையைத் தோள் உயரத்துக்குக் கொண்டுவந்து வீசும் முறையைக் கிறிஸ்டியானா வில்ஸ் என்ற பெண், அகன்ற பாவாடை கைக்கு இடைஞ்சலாக இருந்ததால் கண்டுபிடித்தார் என்று பலரும் எழுதுவார்கள். கதை நடந்ததாகச் சொல்வது 1800களின் தொடக்கம். கூண்டு போல் விரியும் பாவாடைகள் வந்ததோ 1850களில். அவருடைய சகோதரர் ஜான் வில்ஸ் அப்படி வீசியதற்காக 1822இல் லண்டனின் லார்ட்ஸ் மைதானத்தில் அவருக்கு நோபால் தரப்பட்டது என்பது மட்டும் உறுதியான செய்தி. கதையை அறவே விட்டுவிட வேண்டியதில்லை. பெட்டிச் செய்தியாகப் போட்டு, காலம் ஏன் பொருந்தவில்லை என்று இரண்டு வரி எழுதினால் மாணவர்கள் அதைத்தான் முதலில் படிப்பார்கள்.

எண்களைச் சரிபார்க்க நல்ல வழி கூட்டிக் கழித்துப் பார்ப்பதுதான். 1877 மெல்போர்ன் டெஸ்டில் ஆஸ்திரேலியா 245, 104. இங்கிலாந்து 196, 108. 349இலிருந்து 304ஐக் கழித்தால் 45, அதுதான் வெற்றி வித்தியாசம். சார்லஸ் பானர்மேனின் 165 ரன் அணியின் 245இல் 67.35 சதவீதம். அடுத்த அதிகபட்ச ஸ்கோர் 18 என்பதையும் சேர்த்துப் போட்டால்தான் அந்தச் சதவீதத்துக்கு உயிர் வரும். அவர் ஆட்டமிழக்கவில்லை, காயத்தால் வெளியேறினார் என்பது இங்கே வெட்டக்கூடாத சொல்.

அதே இன்னிங்ஸில் ஆல்ஃப்ரட் ஷாவின் பந்துவீச்சு 55.3 ஓவர், 34 மெய்டன் (ரன்னே கொடுக்காத ஓவர்), 51 ரன், 3 விக்கெட். இன்றைய கணக்கில் அவர் 333 பந்து வீசினார் என்று எழுதத் தோன்றும். அன்று ஓவருக்கு 4 பந்துதான். 55ஐ 4ஆல் பெருக்கி 3ஐக் கூட்டினால் 223 பந்து, அதாவது இன்றைய 37.1 ஓவர். இங்கிலாந்தில் 1889இல் 5 பந்து ஓவரும் 1900இல் 6 பந்து ஓவரும் வந்தன. ஆஸ்திரேலியாவில் 1978-79 பருவம் வரையிலும் பெரும்பாலும் 8 பந்து ஓவர். 1971இல் மெல்போர்னில் நடந்த முதல் ஒருநாள் சர்வதேசப் போட்டியின் 40 ஓவர் என்பது 320 பந்து. பழைய பந்துவீச்சுகளை ஒப்பிடும் அட்டவணை எதிலும் ஓவரைப் போடாமல் பந்துகளைப் போட்டுவிடுவதே நல்லது.

கூட்டிப் பார்த்தும் தீராத வேறுபாடுகளும் உண்டு. இங்கிலாந்தின் பழைய ஆட்டக்காரர் டபிள்யூ.ஜி. கிரேஸ் முதல்தரப் போட்டிகளில் (டெஸ்டும் அதையொத்த பல நாள் ஆட்டங்களும்) அடித்த சதங்கள் 126 என்பது மரபுக் கணக்கு, 124 என்பது மறு ஆய்வுக் கணக்கு. இன்னொரு இங்கிலாந்து ஆட்டக்காரர் ஜாக் ஹாப்ஸுக்கு 197, 199 என்று இரண்டு எண்கள். எந்தெந்தப் போட்டிகளை முதல்தரம் என்று எண்ணுவது என்பதில்தான் பிரிவு. ஏதாவது ஒரு பக்கம் சாயலாம். எந்தக் கணக்கு என்பதை அட்டவணையின் அடியில் ஒரு வரி சொல்லியாக வேண்டும். அந்த அடிவரியைத்தான் இடம் போதாதபோது முதலில் தூக்குவார்கள்!

மிகப் பழைய ஸ்கோர் அட்டைகளில் கேட்ச் பிடித்தவர் பெயர் மட்டும் இருக்கும், வீசியவர் பெயர் இருக்காது. ஆகவே அந்தக் காலப் பந்துவீச்சாளரின் "மொத்த விக்கெட்" என்பது பெரும்பாலும் அவர் போல்ட் ஆக்கியவை மட்டுமே. இன்றைய பந்துவீச்சாளரோடு அதை ஒரே பட்டை வரைபடத்தில் நிறுத்தக் கூடாது.

இனி பக்கம். நடுவில் பின் அடிக்கும் இதழ் என்றால் பக்க எண்ணிக்கை 4இன் மடங்காக இருக்க வேண்டும். ஏ4 அளவில் உள்பக்கம் 24, அட்டை 4 என்பது மாணவர் குழு தாங்கக்கூடிய அளவு. தாளை மடித்து ஒரு டம்மி (மாதிரி இதழ்) செய்து, எந்தப் பக்கத்தில் என்ன என்று பென்சிலால் குறித்துவிட்டால் பாதிச் சண்டை தீர்ந்தது. 10.5 புள்ளி (பாயிண்ட்) எழுத்து, 15 புள்ளி வரி இடைவெளி, இரண்டு பத்தி என்று வைத்தால் படமில்லாத பக்கத்தில் சுமார் 350 முதல் 400 சொற்கள் பிடிக்கும், படத்தோடு 250. இதை எழுதுபவரிடம் முதல் நாளே சொல்லிவிட வேண்டும். 900 சொல் எழுதி வாங்கிப் பாதியை வெட்டுவதுதான் மேலே சொன்ன எல்லாக் கோளாறுக்கும் வேர்.

மூன்று பத்தி பார்க்க நவீனமாக இருக்கும், தமிழுக்கு ஒத்துவராது. ஏ4இல் மூன்று பத்தி என்றால் ஒவ்வொன்றும் 55 மி.மீ. அளவுதான். நீண்ட தமிழ்ச் சொற்களை அந்த அகலத்தில் இரு ஓரமும் நேராக்கினால் வரிக்கு இரண்டு மூன்று சொல்லும் நடுவில் ஓட்டைகளும்தான் மிஞ்சும். பக்க அமைப்பு மென்பொருளான இன்டிசைனில், வரிகளை அடுக்கும் 'வேர்ல்ட்-ரெடி' கம்போசரைத் தேர்ந்தெடுக்காவிட்டால் ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் எழுத்துக்கு முன்னால் வராமல் இடம் மாறி நிற்கும். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் வந்த கட்டுரையை யூனிகோடுக்கு மாற்றும்போது நடுவிலிருந்த ஆங்கிலச் சுருக்கங்கள் அர்த்தமில்லாத தமிழ் எழுத்துகளாகிவிடும், பெயர்களுக்கு முன்னுள்ள இனிஷியல்கள் உட்பட. "8-55" வரி ஓரத்தில் உடைந்து 8 ஒரு வரியிலும் 55 அடுத்த வரியிலும் விழாமலிருக்க, உடையாத இணைகோடு போட வேண்டும்.

காலக்கோட்டைச் சீரான அளவில் வரைய முயல வேண்டாம். எதிரெதிர்ப் பக்கம் இரண்டிலும் சேர்த்து 380 மி.மீ. கிடைக்கும். 1550 முதல் இன்று வரை என்றால் ஆண்டுக்கு 0.8 மி.மீ. 1971, 1973, 1975 மூன்றும் 3.2 மி.மீ.க்குள் நெருங்கி நிற்க, 1600களுக்குரிய 80 மி.மீ. பெரும்பாலும் காலியாகக் கிடக்கும். காலத்தை மூன்று பட்டைகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தனி அளவு என்று எழுதிவிடுவது நேர்மை. மடிப்பு விழும் இடத்தில் ஆண்டு எதுவும் விழக்கூடாது.

இந்த இதழில் மாணவர்கள் கையில் வைத்துக்கொண்டு அளந்து பார்க்கும் பக்கம் ஒன்று இருக்குமானால் அது நிஜ அளவு ஓவியப் பக்கம்தான். பேட்டின் அதிகபட்ச அகலம் 10.8 செ.மீ. 1771இல் தாமஸ் வைட் விக்கெட்டையே மறைக்கும் அகலத்தில் பேட்டோடு வந்து நின்ற பிறகு வந்த வரம்பு அது. பந்தின் விட்டம் சுமார் 7.2 செ.மீ. இரண்டுமே ஏ4இல் நிஜ அளவில் அடங்கும். 1744 விதிப்படி விக்கெட்டின் அகலம் 6 அங்குலம், 15.24 செ.மீ., அதுவும் அடங்கும். இன்றைய 22.86 செ.மீ. அடங்காது, ஏ4 அகலமே 21தான். பழையதை ஒரு பக்கத்திலும் இன்றையதை இரு பக்கத்தில் பரப்பியும் வைத்தால் விளக்கமே தேவைப்படாது. ஓவியத்தின் ஓரத்தில் 10 செ.மீ. கோடு ஒன்று போட்டு, ப்ரூஃப் (சரிபார்க்கும் அச்சுப் பிரதி) வந்ததும் அளவுகோல் வைத்துப் பார்க்க வேண்டும். பிரிண்டரில் 'ஃபிட் டு பேஜ்' தெரிவாகியிருந்தால் கோடு 9.6 அல்லது 9.7க்குச் சுருங்கியிருக்கும். நிஜ அளவு என்று போட்டுச் சிறிதாக அச்சிடுவதைவிட அந்தப் பக்கத்தை விட்டுவிடலாம்.

படங்களுக்கு அச்சளவில் 300 டிபிஐ, அதாவது அங்குலத்துக்கு 300 புள்ளி. 1200 பிக்சல் அகலப் படம் 10 செ.மீ.க்கு மேல் தாங்காது. சுற்றிலும் 3 மி.மீ. வெட்டு விளிம்போடு முழுப் பக்கப் படம் என்றால் 2551க்கு 3579 பிக்சல் வேண்டும். பழைய செய்தித்தாள் படங்களை 600இல் ஸ்கேன் செய்து, புள்ளி நீக்கும் வசதியைப் பயன்படுத்திச் சுருக்காவிட்டால் அச்சில் அலை அலையாகக் கோடு விழும். திரையில் பளிச்சென்று தெரியும் மைதானப் பச்சை, அச்சின் நான்கு மை வண்ண முறையான சிஎம்ஒய்கேக்கு மாறியதும் மங்கும், பூச்சில்லாத தாளில் இன்னும் இருளும். அந்தப் பச்சையின் மேல் வெள்ளையில் சிறிய தமிழ் எழுத்து வைத்தால் புள்ளிகளும் சுழிகளும் மையில் மூழ்கிவிடும்.

படவிளக்கம் எழுதுவது தேடிய குழுவின் வேலையாகவே இருக்கட்டும். ஆஸ்திரேலிய ஆட்டக்காரர் விக்டர் ட்ரம்பர் பாய்ந்து வந்து அடிக்கும் புகழ்பெற்ற படம் போட்டியின் நடுவே எடுத்தது அல்ல, ஜார்ஜ் பெல்டாமின் கேமராவுக்காக ஆடிக் காட்டியது. எந்தப் போட்டி என்று படவிளக்கத்தில் ஊகித்து எழுதினால் பிழை. இங்கிலாந்தும் ஆஸ்திரேலியாவும் மோதும் ஆஷஸ் தொடரின் மண்கலப் படத்துக்குக் கீழே "வென்ற அணி கொண்டுசெல்லும் கோப்பை" என்று எழுதுவதும் அப்படித்தான். யார் வென்றாலும் கலம் லார்ட்ஸ் அருங்காட்சியகத்திலேயே இருக்கும்.

ப்ரூஃபை இரண்டு முறை பார்க்க வேண்டும், இரண்டும் வேறு வேறு வேலை. ஒரு முறை எழுத்துப் பிழைக்காக. இன்னொரு முறை கட்டுரையைத் தொடாமல், தகவல் அட்டவணையை ஒருவர் வாசிக்க இன்னொருவர் பக்கத்தில் எண்ணை மட்டும் தொட்டுக்கொண்டே வருவது. திருத்தம் போட்ட பிறகு அந்தப் பத்தியின் கடைசி வரியைக் கட்டாயம் பார்க்க வேண்டும். ஒரு சொல் கூடினாலும் வரி ஒன்று கீழே தள்ளப்பட்டு, எழுத்துப் பெட்டிக்கு வெளியே மறைந்துவிடும். பெட்டியின் மூலையில் சின்னச் சிவப்புக் கூட்டல் குறி மட்டும் தெரியும், பிடிஎஃப் எடுத்தால் அதுவும் தெரியாது. அப்படி மறைவது பெரும்பாலும் "மரபுக் கணக்கின்படி" என்ற அந்த அடிவரிதான்.